மூன்று தட்டுக்குப் பதில்

அன்று பேரணாம்பட்டுச் சாலையில் மழை இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பங்குனி மாதம், புழுதி பறந்துகொண்டிருந்த சாலை. ஆனால் ஜெபராஜைத் தூக்கி வேனில் ஏற்றியவர்களின் சட்டையெல்லாம் நனைந்துபோயிற்று. நனைத்த தண்ணீர் நீல நிறம். தூக்கியவர்களில் இரண்டு பேர் இன்றும் ஆம்பூரில் இருக்கிறார்கள். கதை கட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

1985. ஆம்பூரை ஒட்டி, தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஜெபராஜ் டிரம் பகுதி சூப்பர்வைசர். வீடு பேரணாம்பட்டில். தினமும் யெஸ்டி மோட்டார் சைக்கிளில் வந்துபோவான். குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்த வாக்மேன் எப்போதும் அவன் இடுப்பில் தொங்கும். வண்டியில் போகும்போதும் பாட்டு, வேலை நேரத்திலும் பாட்டு.

சம்பவத்தன்று மாலை, பஜாரில் நயீம் அகமதுவின் ஃபாரின் சாமான் கடைக்குள் நுழைந்தான்.

"இன்னா ஜெபா, பழைய ஹெட்போன் இன்னா ஆச்சு?"

"வண்டில போனா காத்து சத்தம்தான் ஜாஸ்தி பாய். பாட்டு கேக்கவே மாட்டேங்குது."

நயீம் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, பஞ்சு வைத்த லேசான ஹெட்போன். "வண்டிக்கு இதான் கரெக்ட். பாட்டும் கேக்கும், பின்னால வர்ற லாரி ஹாரனும் கேக்கும்."

"லாரி பாடறத கேக்கவா உங்க கடைக்கு வர்றேன்?"

இரண்டாவது, காதுக்குள் செருகும் குமிழ். "பள்ளத்துல வண்டி எகிறினா கழண்டுடும்," என்று அவரே ஒதுக்கிவிட்டார். மூன்றாவது பெரியது. காதை முழுசாக மூடும் இரண்டு கிண்ணம், சுற்றிலும் தடித்த தோல் மெத்தை.

"இது வூட்ல குந்திக்கினு கேக்கறது. மாட்டினா பக்கத்துல இடி வுழுந்தாலும் தெரியாது. வண்டிக்கு வாணாம்பா."

ஜெபராஜ் தோலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். "ஆட்டுத்தோல். நல்ல பதம். இதான் வேணும்."

"ஹெல்மெட்டுக்குள்ள போவாதே?"

"உள்ள இருக்கற பஞ்ச அறுத்தா போவுது."

அங்கேயே கத்தி வாங்கி ஹெல்மெட் பஞ்சை அறுத்தான். ஹெட்போனைக் காதில் மாட்டினான். கடைத்தெருவின் இரைச்சல் அடியோடு நின்றது. அப்போது கேட்டது.

டக்... டக்... டக்.

கழற்றினான். "யாரு பாய் தட்டறது?"

"யாரும் தட்டலியே."

ஹெட்போனின் ஒயர் இன்னும் வாக்மேனில் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் ஜெபராஜுக்குத் தெரியாத சத்தம் அல்ல. டேனரி டிரம் என்பது இரண்டு ஆள் உயர மர உருளை. தோலையும் குரோம் கலந்த நீலத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுற்றுவார்கள். உள்சுவர் முழுக்க மர முளைகள். சுற்றி முடிந்ததும் ஒருவர் உள்ளே இறங்கி, ஒட்டிக் கிடக்கும் தோல்களைப் பொறுக்குவார். உள்ளே இருட்டு, மூலையில் குனிந்திருப்பவர் வெளியே தெரியமாட்டார். அதனால் கதவை மூடியபின் சூப்பர்வைசர் மரச்சுத்தியால் மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் மூன்று தட்டு பதில் வரும். வராவிட்டால் சூப்பர்வைசர் கையைத் தூக்குவார். தூரத்தில் மோட்டார் பக்கம் நிற்பவர் சுவிட்சைப் போடுவார்.

தை மாதத்தில் ஒருநாள் ஜெபராஜ் தட்டினான். காதில் பாட்டு. பதில் கேட்கவில்லை. கையைத் தூக்கினான். சுவிட்ச் போட்டவர் அப்துல் கரீம்.

உள்ளே தோல் பொறுக்கும் சுப்பராயன் இருந்தார்.

"தட்டினேன், பதில் வரல. குடிச்சிட்டுத் தூங்கிட்டான் போல," என்றான் ஜெபராஜ், விசாரிக்க வந்தவர்களிடம். பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. வாழ்நாளில் குடிக்காத சுப்பராயன், செத்தபின் குடிகாரன் ஆனார். அந்த டிரம்மைத் தண்ணீர் வடித்துப் பூட்டிவிட்டார்கள்.

சுப்பராயன் மனைவி செண்பகம் கேட் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"அவரு தட்டியிருப்பாரு சார். உங்க காதுல வுழல. ஒருநாள் நீங்களும் தட்டுவீங்க. கேக்கறதுக்கு ஆள் இருக்காது."

நயீம் கடையிலிருந்து ஜெபராஜ் கிளம்பும்போது பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஆரம்பித்தது. ஹெட்போனுக்கு மேல் ஹெல்மெட்டை இறக்கினான். பாங்கு பாதியில் அறுந்தது. பாட்டு மட்டும். காற்று இல்லை, இன்ஜின் சத்தம்கூட இல்லை. சிரித்துக்கொண்டே ஊரைத் தாண்டினான்.

முதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கும் முன் உள்ள சின்ன இடைவெளியில்...

டக்... டக்... டக்.

கேசட் கோளாறு என்று நினைத்தான். இரண்டாவது பாட்டு முடிந்தபோதும் வந்தது. இன்னும் கிட்டத்தில். மூன்றாவது தடவை பாட்டு முடியும்வரை அது காத்திருக்கவில்லை.

இடது கையால் வாக்மேனை அணைத்தான். பாட்டு நின்றது. தட்டு நிற்கவில்லை.

ஒயரைப் பிடுங்கினான்.

டக்... டக்... டக்.

புளியமரத்தடியில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். ஹெல்மெட் வார் கழலவில்லை. ஊறிய தோல்போல இறுகிக் கிடந்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஏதோ கேட்டார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

ஹெல்மெட்டுக்குள் ஈரத்தோல் நாற்றம் ஏறியது.

மறுபடி தட்டு. இந்தத் தடவை ஹெட்போனிலிருந்து அல்ல...

வெளியிலிருந்து. ஹெல்மெட்டின் மேல். மரச்சுத்தியால்.

அப்போதுதான் புரிந்தது. தட்டுவது வேறு யாரோ. உள்ளே இருப்பது அவன்.

பதில் தட்டினான். மூன்று முறை. காத்திருந்தான்.

மறுபடி தட்டினான். இரண்டு கையாலும். கத்தினான்.

கண்ணெதிரே ஒரு கை தெரிந்தது. முழங்கைவரை நீலம்.

அது மெல்ல மேலே உயர்ந்தது.

தரை சுற்றியது.

மாட்டுவண்டிக்காரர் பிறகு சொன்னது இவ்வளவுதான்: "தலைல அட்ச்சிக்கினே நின்னாரு. நின்ன எடத்துலயே வுழுந்தாரு. பக்கத்துல ஒரு ஆளும் இல்ல."

மோட்டார் சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஜெபராஜின் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. உடம்பெங்கும் முளை குத்தியதுபோல வட்ட வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. வேலூரில் மாதக்கணக்கில் கிடந்தான். பிழைத்தான், ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. ஹெல்மெட்டை வாரை அறுத்துத்தான் எடுத்தார்கள். உள்ளே ஹெட்போன் இல்லை.

அதே மாலை, பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில், பூட்டிய டிரம்முக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது என்கிறார் அப்துல் கரீம். நாலு பேரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தார். தையிலிருந்து காய்ந்துகிடந்த டிரம்மின் அடியில் நீலத் தண்ணீர் நின்றது. அதில் ஒரு ஹெட்போன் மிதந்தது. நயீம் வந்து பார்த்து, தன் கடைச் சரக்குதான் என்றார்.

ஜெபராஜ் எல்லா உண்மையையும் ஊரறியச் சொல்லிவிட்டான். செண்பகத்தை வரவழைத்து அவளிடமும் சொன்னான். அவள் சொன்ன பதிலை அவன் தம்பி எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

"எங்கிட்ட சொல்லி இன்னா? அவருகிட்ட சொல்லச் சொல்லு."

இன்றும் அவன் காதில் எதுவும் விழாது. ஆனால் பாங்கு நேரத்தில் சட்டென்று தலையைத் தூக்கி, மேசையில் மூன்று முறை தட்டுகிறான். காத்திருந்து மறுபடி தட்டுகிறான். விரல் கணுக்கள் புண்ணாகியும் நிறுத்துவதில்லை.

நிறுத்தினால் சுப்பராயன் கையைத் தூக்கிவிடுவாராம்.