என் அளவுக்கு ஒரு சைக்கிள்

எங்கள் வீட்டில் யாருக்கும் எதையும் அளவு பார்த்து வாங்குகிற வழக்கமே கிடையாது. ‘வளர்ற பிள்ளைங்க’ என்று சொல்லிச் சொல்லியே எங்களைத் தொளதொளவென்று வளர்த்தார்கள். மாதா கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று நான் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தின் முனையில் அம்மா பஞ்சை அடைத்திருந்தாள். கோவில் நடுவே நடந்து போகும்போது இடது கால் சப்பாத்து கழன்று பின்னால் நின்றுவிட்டது. நானோ நிற்காமல் ஒற்றைச் சப்பாத்தோடு பீடம் வரை போய்த் திரும்பினேன். பாவாடையில் மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்கள். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடுவார்கள். துணி வெளுத்துக் கிழிகிற சமயத்தில்தான் பாவாடை எனக்குச் சரியாக இருக்கும்.

அண்ணனுக்குச் சைக்கிள் வாங்கியதும் இந்த லட்சணத்தில்தான். பத்து வயசுப் பையனுக்குப் பெரிய ஆள் ஓட்டுகிற சைக்கிளை வாங்கி, கால் எட்டவில்லை என்று பெடலில் மரக்கட்டை வைத்துக் கட்டினார்கள். மூன்றாம் நாளே கச்சேரி ரோட்டில் கட்டை வழுக்கி விழுந்தான். முகவாயில் தையல் போட்டார்கள். “நாலு வருஷத்துல எல்லாம் சரியாப் போயிடும்” என்றார் அப்பா. “எது, தாடையா?” என்று அண்ணன் கேட்டு, தையல் போட்ட முகத்தோடு ஓர் அறையும் வாங்கிக்கொண்டான்.

ஆகவே, எனக்கும் சைக்கிள் என்று முடிவானபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. டைபாய்டு வந்து நாற்பது நாள் படுக்கையில் கிடந்தேன். ஜுர வேகத்தில் நான் பிதற்றியது முழுக்க சைக்கிளைப் பற்றித்தானாம். எழுந்தபோது தலையில் முடி இல்லை, காலில் பலம் இல்லை. எதையாவது மிதித்து ஓட்டட்டும், கால் தேறிவிடும் என்று டாக்டர் சொன்னார். கண்விழித்துக் கண்விழித்து அலுத்துப்போயிருந்த அப்பா, மறுத்துச் சொல்லத் தெம்பில்லாமல் தலையாட்டிவிட்டார்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. வரத்து நின்றுபோயிருந்த சீமைச் சைக்கிள்கள் அப்போதுதான் கடைகளில் மறுபடி ஒன்றிரண்டாகத் தலைகாட்டின. ஒரு சனிக்கிழமை, சாந்தோமிலிருந்து லஸ் வரை நடந்து, டிராம் பிடித்து மவுண்ட் ரோடுக்குப் போனோம். அப்பா, சித்தப்பா, நான். அதிசயமாக அம்மாவும் கூட வந்தாள். துணிக்கடைக்குக்கூட வராதவள் இதற்கு ஏன் வருகிறாள் என்று அப்பா கேட்டதற்கு, “வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கூட வாத்தியார்கள். சித்தப்பா கணக்கு வாத்தியார். ஆகையால் இயந்திரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நம்பிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு சைக்கிளையும் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி திருத்தினார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு அச்சில் காதை வைத்துக் கேட்பார். கம்பியை விரலால் சுண்டுவார். குழாயை மண்பானை தட்டுவதுபோலத் தட்டுவார். பாவாடை சிக்காமல் இருக்க செயினை மூடுகிற தகடு உண்டா, பின்சக்கரத்தில் வலை உண்டா என்று குனிந்து பார்ப்பார். எல்லாம் முடிந்தபின், “பெயிண்ட் சரியில்லே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். இப்படியே மூன்று கடை ஆயிற்று. வெயிலோ மண்டையைப் பிளந்தது. முடியில்லாத தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு நான் அவர்கள் பின்னால் இழுத்து இழுத்து நடந்தேன்.

நாலாவது கடையில் சித்தப்பா டயரை முகர்ந்து பார்த்தார். சண்டைக்கால ரப்பராக இருந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடுமாம்.

“இன்னா சார், மோந்து பாத்துக்கினு கீறே? டயரு சார் இது, மல்லிப்பூவா?” என்றான் மெக்கானிக்.

நான் சிரித்துவிட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்தாலும், டயர் பரீட்சையில் தேறிவிட்டது. பச்சை நிறம், குறுக்கே பார் இல்லாத பெண்கள் சைக்கிள், செயினுக்கு முழு மூடி, பின்சக்கரத்துக்குப் பின்னல் வலை. அதில் இரண்டு அளவு இருந்தது. சின்னதில் என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. உலகத்தில் முதன்முறையாக ஒரு பொருள் எனக்குச் சரியாக இருந்தது. அதற்குள் சித்தப்பா பெரியதைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“வளர்ற புள்ள. ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துடலாம்.”

“அக்காங் சார். கட்டை வெச்சிக் கட்டி வுட்டா பாப்பா ஓட்டிக்கினு பூடும்” என்று மெக்கானிக்கும் ஒத்து ஊதினான்.

கட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனின் முகவாய்தான் கண்முன் நின்றது. அழுதால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் அழுதேன்.

கடை ஸ்டூலில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வேணாம் தம்பி. அந்தச் சின்னதையே எடுங்க.”

“என்ன அண்ணி நீங்க, ரெண்டே வருஷத்துல முட்டி இடிக்கும்.”

“ரெண்டு வருஷம் ஓட்டினா போதும்” என்றாள் அம்மா.

சித்தப்பா பெரியதைச் சுவரில் சாய்த்தார். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து அந்தச் சின்னச் சைக்கிளின் மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, “அதையே குடுப்பா” என்றார்.

டிராமில் சைக்கிளை ஏற்ற முடியாது. அம்மாவும் சித்தப்பாவும் டிராமில் போக, என்னை ஸீட்டில் உட்காரவைத்து, ராயப்பேட்டை வழியாகச் சாந்தோம் வரை அப்பாவே தள்ளிக்கொண்டு வந்தார். ஹாண்டில் தாழ்வாக இருந்ததால் முதுகை வளைத்துக்கொண்டே நடந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கோ வாய் ஓயவில்லை. “நான் வளந்ததும் இதைக் குடுத்துட்டு அந்தப் பெரிசை வாங்கித் தருவீங்களாப்பா?” என்று மூன்று தரம் கேட்டேன்.

“வேர்த்துக் கொட்டுது. பேசாம வாம்மா” என்றார்.

களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். களைப்புத்தான். ஆனால் வெயிலால் வந்த களைப்பு மட்டும் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். உனக்குக் கட்டை, எனக்கு அளவு பார்த்து. என்மேல்தான் இவர்களுக்குப் பாசம் என்றேன். அவன் முகவாயைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டான். அவனை மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பதினோரு வயது முடிந்து சில மாதங்களில் நான் பெரியவளானேன். சொந்தக்காரர்கள் வந்து போனார்கள், தாவணி வந்தது, சைக்கிள் போயிற்று. நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்த நாட்களிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். யாருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் அந்தப் பெரிய சைக்கிளிலேயே காலேஜுக்கும் போனான். எனக்கு ஆத்திரமான ஆத்திரம், ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு கல்யாணம், பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை என்று எத்தனையோ வந்து போய்விட்டன. இப்போது அதற்காகக் கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது.

ஆனால் வாங்கி வந்த அன்றைய சாயங்காலம் மட்டும் நினைவை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அண்ணனின் சைக்கிளில் முன்பே திருட்டுத்தனமாகக் குரங்குப் பெடல் பழகியிருந்ததால், கடலோரம் போகிற எங்கள் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினேன். அம்மா வாசற்கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஆறு மணிக்குக் கோவிலில் திரிசந்தி மணி அடித்ததும் செபத்துக்கு உள்ளே வராவிட்டால் காதைத் திருகுகிறவள், அன்று மணி அடித்தும் என்னைக் கூப்பிடவில்லை. அடுப்பையும் கவனிக்கவில்லை. நான் வந்து நிற்கும்போதெல்லாம், “இன்னும் ஒரு தரம் போயிட்டு வா கண்ணு” என்றாள். போய்விட்டு வந்தேன். “இன்னும் ஒரு தரம்” என்றாள். இவளுக்கு என்ன வந்துவிட்டது என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

“கால் வலிக்குதும்மா. பசிக்குது. நாளைக்கு ஓட்டறேன்.”

“நாளைக்கும் ஓட்டு. இன்னிக்கும் ஆசை தீர ஓட்டிக்கோ.”

நான் கேட்கவில்லை. சைக்கிளை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உள்ளே ஓடினேன். நாள்தான் நிறைய இருக்கிறதே என்று நினைத்தேன்.