தொப்பூர்க் கடையில் ஒரு டச்சு ஓவியம்

ஒரு பொருளை உரியவரிடம் சேர்ப்பது எப்போதும் நல்லதுதானா?

தொப்பூர் கணவாயில் ஒரு சாப்பாட்டுக் கடை. மகளுக்கு இட்லி ஊட்டுகிறேன். எதிர்ச்சுவரில் கால்வாயும் காற்றாலையும் தாழ்ந்த மேகமுமாக ஒரு பழைய ஓவியம். கடைக்கார அக்கா அதைத் திருப்பிக் காட்டுகிறார். பின்புறம் ஹாலந்துக் கண்காட்சிகளின் சீட்டுகள், வைத்திருந்தவர்களின் பெயர்கள். கடைசிப் பெயர் மட்டும் தமிழ்.

"ரொம்ப வருசத்துக்கு முந்தி வூடு மாத்திப் போனவங்க காரு இங்க கவுந்துச்சுங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போயிட்டாங்க. கைக்கொழந்தைய சொந்தக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. இது பள்ளத்துல கெடந்துச்சு."

"யாரும் கேட்டு வரலையாக்கா?"

"பெங்களூர் கார்க்காரங்க வெல கேப்பாங்க. டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்கன்னுருவேன். அது அந்தப் புள்ளையோடதுங்க."

அந்தத் தமிழ்ப் பெயரை முகநூலில் போட்டால் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ப்பவளையே பெற்றவள் என்று நம்பிக்கொண்டிருந்தால்? மகளின் வாயைத் துடைக்கிறேன். போடட்டுமா, வேண்டாமா? பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.