அவர் கழுவிய அரிசி

என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் போர் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர். வருஷத்தில் பாதிக்கு மேல் வடக்கேதான் இருப்பார். போன தை மாசம் முதுகுவலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு மொத்தமாக வந்துசேர்ந்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பகல் முழுக்க இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் ரோட்டோர நர்சரியில் நான்கு மிளகாய் நாற்று வாங்கிவந்து, மொட்டைமாடியில் காலி பெயிண்ட் பக்கெட்டுகளில் நட்டேன். அரிசி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றுவேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"செடிக்கு எதுக்குக் கழனித்தண்ணி? எருமையா வளக்குற? எண்ணூறு அடியில இருந்து போர் தண்ணி வருது. அதுல இல்லாத சத்தா?"

"அப்ப ஆளுக்கு ரெண்டு செடிங்க. பாத்துக்கலாம்," என்றேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்புக்கரிக்கும். ஒரு மாசத்தில் அவருடைய பக்கெட்டுகளில் மண்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. என் செடிகள் இரண்டும் கிளை விட்டிருந்தன. அவர் மறுநாள் முதல் ஒரு செடிக்கு ஆறிப்போன டீத்தண்ணி ஊற்றினார். இன்னொன்றுக்கு மிச்சமிருந்த மோர். நான் மோரைக் கரைத்து, ரொம்பத் தண்ணியாக ஊற்றச் சொன்னேன். கேட்கவில்லை. கெட்டி மோர் மண்ணில் புளித்து நாறியது, எறும்பு மொய்த்தது. மோர் குடித்த செடி பத்தே நாளில் தலை சாய்ந்துவிட்டது.

அதைப் பிடுங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "தண்ணி எடுக்கத்தான் தெரியுது எனக்கு. ஊத்தத் தெரியல," என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இவர் நின்றுகொண்டு அரிசி கழுவிக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் வந்து ஒரு டம்ளர்கூட எடுத்துக்கொடுத்தவர் இல்லை.

"என்னங்க பண்றீங்க?"

"சோறாக்கலாம்னு."

"ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போட்டீங்க?"

"ஆறு டம்ளர்."

"ஆறா! யாருங்க வாராங்க?"

சட்டிக்குள் பார்த்தபடியே மெதுவாக, "ரெண்டு டம்ளர் கழுவுன தண்ணி செடிக்குப் பத்தல புள்ள," என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் எலுமிச்சைச் சாதம், மதியம் ரசம் சாதம், ராத்திரி தயிர்ச் சாதம். அப்படியும் தீராமல், பக்கத்து வீட்டுக்கு ஒரு தூக்குப்போசி நிறையக் கொடுத்தனுப்பினேன்.

அன்றிலிருந்து காலைச் சோறு அவர் பொறுப்பு. இரண்டு டம்ளர்தான். கழுவிய தண்ணீரை மூன்று செடிக்கும் அவரே பங்குபோட்டு ஊற்றுகிறார். டீத்தண்ணிச் செடியின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மண் போட்டார். அது தேறிவந்து, ஆனியில் பூத்துக் காய்த்தது. முதல் காயை அவர் பச்சையாகவே கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "நல்ல காரம்," என்றார். இப்போது நான் ஆறரை மணி வரைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.