எழுதாமல் விட்ட சென் மார்த்தான்

எங்கள் அண்ணா சாவகச்சேரியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா காலமானதும் தன் படிப்பை நிறுத்தி எங்களைப் படிக்க வைத்தார். எண்பதுகளில் பிரான்சுக்குப் போய், சென் மார்த்தான் என்ற சிற்றூரில் கல் கட்டும் ஒரு வயதான மேசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஏழு வருடங்களுக்கு முன் ஒக்லாந்து வந்து, மவுண்ட் ரோஸ்கில்லில் எங்களுடன் வாழ்ந்தார். எங்கள் முன்மதிலின் எரிமலைக் கற்கள் அவர் அடுக்கியவை. சிமெந்து இல்லை, ஒரு கல்லும் அசையவில்லை.

அந்தப் பிரெஞ்சு ஊரில் தொள்ளாயிரம் வருடப் பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. அதன் கோபுரத்தைத் திருத்தியபோது, கற்களுக்குச் சோக்கட்டியால் இலக்கமிட்டுக் கழற்றி, அதே இடத்தில் திரும்ப வைத்தார்கள். இலக்கமிட்டவர் அண்ணா.

சென்ற வருடம் பாரிசவாதத்தால் அவரது வலது கை விழுந்துவிட்டது. நான் நாட்குறிப்பு எழுதும்போது எதிரில் வந்து உட்காருவார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் மழையோ? ஒக்லாந்தில மழை எண்டு எழுதவும் ஒரு ஆள் வேணுமே!" என்று சிரிப்பார். பிறகு, "என்ர பிரெஞ்சு ஊரையும் ஒருக்கா எழுதித் தாவன். நான் சொல்லுறன்" என்பார்.

"ஓம் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை ஆறுதலா இருந்து எழுதுவம்."

"எந்த ஞாயிறு எண்டும் எழுதி வை."

இருபத்திரண்டு வருடங்களாக ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அண்ணா ஒரு வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில், எங்கள் கைகளைப் பிடித்தபடி அமைதியாகக் கண் மூடினார். அதன்பின் குறிப்புகளைப் புரட்டினேன். "மழை. பஸ் பதினைந்து நிமிடம் பிந்தியது. அண்ணா கோயில் கதை." இப்படிப் பதினொரு இடங்களில் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தைப் பற்றி என்ன கதை என்று ஓரிடத்திலும் இல்லை. நூலக அட்லஸில் தேடினேன். அந்தப் பெயரில் பக்கம் பக்கமாக ஊர்கள் இருக்கின்றன. அவருடையது எந்த மாகாணம் என்றுகூட நான் கேட்டதில்லை.

நினைவில் நிற்பவை இரண்டே. தேவாலயக் கூரைக்குக் கீழே நாக்கை நீட்டும் ஒரு கல் முகம். ஊர்த் தொட்டியில் துணி துவைத்த பெண்கள் அவருடைய பிரெஞ்சைத் திருத்தித் திருத்திச் சிரித்தது.

மருத்துவமனைத் தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த சான்ட்ரிங்ஹாம் நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளுக்கு வந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணாவுக்கு வேலையும் படுக்கையும் கொடுத்த, பெயர் தெரியாத அந்த மேசனுக்கும் நன்றி.

அந்த ஊரைப் பற்றி அண்ணா உங்களில் எவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். ஞாயிறு வரை வைத்திருக்க மாட்டேன். அன்றைக்கே எழுதிவிடுவேன்.

தங்கை