மீன் சந்தையில் கிடைத்த நண்டுப் பாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. கோட்டாற்றுக்குப் பக்கத்தில், கிறிஸ்தவ சபை நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அங்கே என்னைவிட மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர், எனக்கு அக்கா. பிற்காலத்தில் எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் அவர் எழுதிய பாட்டைப் பாடி வளர்ந்தார்கள். அன்று அவரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அணில், மழை, பூசணிக்காய் என்று எதையாவது வைத்து ஒரு பாட்டோ குட்டிக் கதையோ எழுதுவார். அன்றைக்கே வகுப்பில் சொல்லிக்கொடுப்பார். எழுதிய தாளைத் துணியில் கட்டிப் பள்ளி அலமாரியில் போட்டுவிடுவார். பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஊரில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஒருவர் அவற்றைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று சொன்ன அன்று, அக்கா எங்கள் எல்லாருக்கும் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தார்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. பள்ளியை மூடியிருந்தோம். திறந்து பார்த்தபோது அலமாரிக்கு மேலே கூரை ஓலை சரிந்து கிடந்தது. துணிக்கட்டுக்குள் இருந்த தாள்கள் கூழாகிவிட்டன. மை கரைந்து எல்லாம் ஒரே நீலமாக இருந்தது. அக்கா அழவில்லை. அந்தத் துணிக்கட்டை எடுத்துக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தார்.

நினைவிலிருந்து எழுதலாமே என்று சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தும் பார்த்தார். எந்தப் பாட்டும் இரண்டாம் வரிக்கு மேல் நகரவில்லை. பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

"விடு பிள்ளே. போனது போச்சு. கிறிஸ்மஸ் கழிஞ்சா நான் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்றார். வேலையை விடப்போவதாக நிர்வாகத்திடமும் சொல்லிவிட்டார். வகுப்பில் பாடுவதும் நின்றுபோனது. பிள்ளைகள் என்னிடம் வந்து, பெரிய டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காய் வாங்கக் கோட்டாறு சந்தைக்குப் போனேன். மீன்காரர்கள் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு தாலாட்டு கேட்டது. நின்றுவிட்டேன். அது அக்காவின் நண்டுப் பாட்டு. பாடிக்கொண்டிருந்தவள் மடியில் குழந்தையோடும் முன்னால் சாளை மீன் கூடையோடும் உட்கார்ந்திருந்தாள். கடற்கரை ஊர்க்காரி. சின்ன வயதில் கோட்டாற்றில் சித்தி வீட்டில் தங்கி எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தாளாம். அது நான் வேலைக்கு வருவதற்கு முன்பு.

"வேற பாட்டும் ஓர்மை இருக்கா மக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம பின்னே? பெரிய டீச்சரு சொல்லித் தந்தது எல்லாம் இருக்கு. இவன உறக்குகதுக்கு எனக்க கையில வேற என்ன இருக்கு?"

அடுத்த சனிக்கிழமை, காய் வாங்கத் துணைக்கு வாருங்கள் என்று அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். அவளைக் கண்டதும் அக்கா அடையாளம் கண்டுகொண்டார். இவள் உங்கள் பாட்டு ஒன்றையும் மறக்கவில்லை என்றேன். வெள்ளைச் சேலையோடு அந்த ஈரத் தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாடு மக்கா" என்றார். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டுப் பாடினாள்.

நண்டே நண்டே எங்கே போற?
கடலு வீட்டைப் பூட்டப் போறேன்.
சாவி எங்கே, சாவி எங்கே?
அப்பன் வந்தா தந்திடுவான்.

கடைசி வரி அக்கா எழுதியது அல்ல. "அலை வந்து வாங்கிப் போச்சு" என்றுதான் அக்கா வகுப்பில் பாடுவார், கேட்டதும் எனக்கு நினைவு வந்தது. ஒரு சொல் மாறினாலும் அக்கா திரும்பப் பாடச் சொல்வார். உள்ளதையும் இவள் மாற்றி வைத்திருக்கிறாளே, அக்கா இன்னும் உடைந்துபோவாரே என்று பயந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து அவளும் பாட்டை நிறுத்திவிட்டாள்.

"தப்பாப் பாடிட்டேனா டீச்சரே? இவனுக்க அப்பன் கடலுக்குப் போயிருக்கும்போ, அலை வாங்கிப் போச்சுன்னு பாடுகதுக்கு எனக்கு மனசு வரல்ல."

அக்கா கை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"தப்பு இல்ல மக்கா. நான் தொலச்சத நீ திரும்ப வாங்கித் தந்திருக்க. இனி இந்த வரிதான் பாட்டு" என்றார். அந்த மழைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று காய் வாங்க மறந்தே போனோம். வெயில் ஏறும்வரை அவள் பாடப் பாட, அக்கா முணுமுணுத்துக்கொண்டே உடன் பாடினார். நடுநடுவே மீன் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். திங்கட்கிழமை வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டோம். அவர்கள் வீட்டுக்குப் போய், முன்பு எங்களிடம் படித்த தங்கள் அக்காமாரிடம் கேட்டு வந்தார்கள். பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, சில வால் இல்லாமல், சில புது வாலோடு. வராமலே போனவையும் உண்டு. அவற்றின் இடத்தில் அக்கா புதிதாக எழுதினார். கிறிஸ்மஸ் கழிந்தது. அவர் தம்பி வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அக்கா நேரே சந்தைக்குத்தான் போனார். அதன் பிறகும் பல புத்தகங்கள் எழுதினார். புதிதாக எது எழுதினாலும் பிள்ளைகளைப் பாடவிட்டு, அவர்கள் எங்கே மாற்றுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பார். பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பார்.

நானும் நெடுங்காலம் வகுப்பில் நின்றுவிட்டு ஓய்வு பெற்றுவிட்டேன். சொல்லிக்கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்றோ என்று மனம் சோரும் நாட்களில், அதை யாரோ ஒருத்தி எங்கோ தன் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பாடிக்கொண்டிருப்பாள் என்று நம்பத்தான் இன்றும் தோன்றுகிறது.