பெஞ்சுக்கு ஒரு டிராக் சூட்

என் மகள் ஹாக்கி ஆடுகிறாள் என்று குடவாசலில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "பொண்ணா?" அடுத்தது, "ஏன், கிரிக்கெட் பிடிக்காதா?" மூன்றாவதாக ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்குள் பேச்சு ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதற்குப் போய்விடும்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் மண்ணில் ஹாக்கி விளையாததற்குக் காரணம் இருக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் தரை சேறு. இது பந்து உருள வேண்டிய விளையாட்டு. எங்கள் மண்ணில் பந்து புதையும். மாடு, டிராக்டர், தேர்தல் வாக்குறுதி எல்லாவற்றையும் விழுங்கிய மண் அது.

மகள் எட்டாம் வகுப்பு முடித்த சித்திரையில் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு வருடம் அவள் எந்த லீக்கில் ஆடுவது? மாவட்ட அணியில் நடுக்களத்தில் நன்றாக ஆடியிருந்தாள். அவளுடைய பள்ளியின் பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்த வயசுலதான் சார் கை படியும். இந்த ரெண்டு வருஷம் சரியான எடத்துல ஆடிட்டா மாநில அணி வரைக்கும் போவா. விட்டுட்டா, அப்புறம் ஆடுறதுக்குப் பேரு உடற்பயிற்சி."

வழிகள் மூன்று இருந்தன. ஒன்று, சென்னையில் ஒரு தனியார் அகாடமி. செயற்கைத் தரை, தனி லீக், சத்துணவுக்கென்று தனி ஆள். இரண்டு, தெற்கே கரிசல் காட்டில் ஓர் ஊரிலிருக்கும் அரசு விளையாட்டு விடுதி. மூன்று, டீச்சரே ஆடும் ஞாயிற்றுக்கிழமை லீக். கீழத்தஞ்சையின் ஆறு பெண்கள் அணிகள் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதற்குப் பெயர் கிடையாது. நிரந்தர மைதானமும் கிடையாது. இரண்டு அணிகளுக்கு மைதானம் என்பதே அறுவடை முடிந்த வயல்தான்.

நான் ஒரு கல்லூரியில் நூலகர். நூலகரிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் அட்டவணை போடுவார். வீடு பற்றி எரிந்தால்கூட அது நூலகத்தின் எந்தப் பகுப்பு எண்ணில் எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போவார். விளையாட்டு வீரர்களை வளர்ப்பது பற்றி நான்கு தடித்த புத்தகங்கள் படித்தேன். பதினெட்டு வயதுக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை என்பது அந்தப் படிப்புக்குத் தடையாக இல்லை. பதினொரு கட்டங்கள் போட்டு மூன்று இடங்களுக்கும் மதிப்பெண் கொடுத்தேன். சென்னை அமோகமாக ஜெயித்தது. அதைக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினேன்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே முழுவதையும் படித்தார். பிறகு எடுத்தார்.

"ஒரு கட்டம் விட்டுட்டீங்களே சார்."

"எது?"

"ஆடுற கட்டம். வாரத்துக்கு எத்தனை நிமிஷம் மேட்ச் ஆடுவா?"

புரதம் எத்தனை கிராம் என்று கேட்டால் பதில் இருந்தது. இதற்கு இல்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, விசாரிக்காமல் சென்னைக்கு டிக்கெட் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'மகள் சென்னை அகாடமியில் இருக்கிறாள்' என்ற வாக்கியத்தைக் கல்லூரி ஆசிரியர் அறையில் எந்தக் குரலில் சொல்வது என்று அதற்குள் ஒத்திகை பார்த்து முடித்திருந்தேன்.

சென்னையில் தரை நீலமாக இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அதற்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லாத மாதத்தில், முளைக்கவே முளைக்காத பிளாஸ்டிக் புல்லுக்கு நான்கு மூலையிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சுவதை ஒரு டெல்டாக்காரன் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. என்னையறியாமல் மடை எங்கே என்று தேடினேன்.

தேர்வு தொடங்கியது. அவளுக்கு வந்த முதல் பந்தை விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். பயம் என்று நினைத்தேன். மூன்றாவது பந்தில்தான் விஷயம் தெரிந்தது. பந்து நேராக வந்தது, அவளும் சரியான இடத்தில் நின்றாள், கடைசி நொடியில் மட்டையைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை தூக்கினாள். பந்து அடியில் புகுந்து போய்விட்டது.

இரண்டு வருடமாக அறுத்த வயலில் ஆடியவள் அவள். அங்கே அறுத்து மிஞ்சிய தாள்கட்டை ஒவ்வொன்றிலும் பந்து இடித்து எகிறும். எகிறும் இடத்தில் மட்டை இருக்க வேண்டும். அதுதான் அங்கே திறமை. அன்று வந்திருந்த நாற்பது பெண்களில் அந்தத் தப்பைச் செய்தவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் யாருக்கும் நெல் விளையும் இடத்தில் ஹாக்கி ஆடும் பாக்கியம் கிடைத்திருக்கவில்லை.

கையில் டேப்லெட் வைத்திருந்த இளம் பயிற்சியாளர் அருகில் வந்தார்.

"ஏம்மா ஸ்டிக்கைத் தூக்குற?"

"எகிறும்ல சார்."

"எது?"

"பந்து."

"இங்க எகிறாதும்மா."

"தெரியுது சார்," என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அதன்பிறகு பத்தில் ஆறைப் பிடித்தாள். பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் கவனித்தார். முடிவில் என்னிடம், "கேம் சென்ஸ் நல்லா இருக்கு சார். டெவலப்மென்ட் ஸ்குவாடுல எடுத்துக்கறோம். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க," என்றார். அந்த அணிக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. டெவலப்மென்ட் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

அன்று மாலை அங்கேயே ஒரு லீக் ஆட்டம். பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தோம். ஓரத்து பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள், மடிப்புக் கலையாத கருநீல டிராக் சூட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஓர் அம்மா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆற்காட்டுப் பக்கமாம். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்.

"உங்க பொண்ணு ஆடுதுங்களா?" என்று கேட்டேன்.

"அதோ, பெஞ்சில மூணாவது. டெவலப்மென்ட் ஸ்குவாடு."

"எப்ப இறக்குவாங்க?"

"ரெண்டாவது வருசம் நடக்குதுங்க. மொத்தமா ஒரு அரை மணி நேரம் ஆடியிருப்பா. ஆனா டிராக் சூட் நல்லாருக்குல்ல? தோய்க்கிற வேலையே இல்ல, அழுக்கே ஆவறதில்ல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை அவள் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, உயர்ந்த சூழலில் இருப்பதே ஒரு பயிற்சிதான் என்று புத்தகங்களின் துணையோடு மனைவியிடம் வாதாடினேன். அவள் நர்ஸ். சீருடைக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டாள்:

"ஏங்க, மூணு வருஷம் பக்கத்துல நின்னு வேடிக்கை மட்டும் பாத்துட்டு ஒருத்தி ஊசி போட வந்தா, நீங்க கையை நீட்டுவீங்களா?"

நான் ஊசிக்குப் பயந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். நியாயமான விவாதத்தில் அப்படியெல்லாம் பேசக் கூடாது.

டீச்சரிடம் போய் அரை மணி நேரக் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. விடுதிக்கு முயற்சி செய்யலாம் என்றார். விடுதியிலிருந்து அந்தப் பக்கத்து லீக்குக்கு இரண்டு அணிகள் இறக்குகிறார்களாம். சேர்ந்தவர்கள் எல்லோரும் வாரம் தவறாமல் ஆடியாக வேண்டும். ஆனால் அங்கேயும் தேர்வு செயற்கைத் தரையில்தான். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் அந்த இரண்டு விரற்கடையைக் கீழே இறக்க வேண்டும்.

குடவாசல் வட்டாரத்தில் சமதளமான தரைக்கு எங்கே போவது? கல்யாண மண்டபத்தில் கேட்டேன். டைல்ஸ் உடையும் என்றார்கள். கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். ஊர் ஓரத்தில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம். பலகை மாதிரி இருக்கும். ஆனால் அது உளுந்து அடித்துக் காயவைக்கும் காலம். ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் வந்து உளுந்தைப் பரப்பிவிடுவார்கள். ஆகவே ஐந்தரையிலிருந்து ஏழு வரை களம் எங்களுக்கு. பந்தை அடித்துக் கொடுக்க ஆள் வேண்டுமே, அது நான்.

ஹாக்கிப் பந்து கல் போன்றது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த உவமை எவ்வளவு அடக்கமானது என்பது முதல் நாளே முழங்காலுக்குக் கீழே விளங்கியது. நான் அடிக்கும் பந்துகளில் பாதி அவள் பக்கமே போகாது. மீதியை அவள் மட்டையைத் தரையோடு ஒட்டி வைத்து நிறுத்தப் பழகினாள். தூக்கும்போதெல்லாம் தானே "தூக்கிட்டேன்" என்று உரக்கச் சொல்லிக்கொள்வாள். ஒரு காலையில் எழுபது தடவை சொன்னாள். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "நீங்க வேணா உக்காருங்கப்பா, நான் செவுத்துல அடிச்சுக்கறேன்," என்றாள்.

உளுந்துக்காரப் பெண்கள் மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் சீக்கிரமே வர ஆரம்பித்தார்கள். வேலைக்காக இல்லை, என்னைப் பார்க்க.

"என்ன சார், மட்டைய வச்சுக் கூட்டவா வந்தீங்க? கூட்டுறதா இருந்தா அந்த மூலையையும் சேத்துக் கூட்டுங்க."

"ஏ, அவரு ஆடலடி. பாப்பாதான் ஆடுது. அவரு பொறுக்கிப் போடறாரு."

"அதுக்கே இவ்வளவு வேர்வையா?"

ஒருநாள் என் பந்து தடம் மாறி, பரப்பிக்கொண்டிருந்த உளுந்துக்குள் புகுந்து களத்துக்கு வெளியே ஒரு படி உளுந்தைச் சிதறடித்தது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளையிலேர்ந்து ஏழரைக்கு வர்றோம் பாப்பா. நீ நல்லா அடி. அப்பாவ மட்டும் அடிக்க விடாத," என்றார்.

பன்னிரண்டாம் நாள், கரிசல் ஊரின் தரையில் அவள் பத்தில் ஒன்பதை நிறுத்தினாள். விட்ட ஒரு பந்துக்கு, எனக்குக் கேட்கிற மாதிரி, "தூக்கிட்டேன்" என்றாள். மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். இருபது பேரை எடுத்திருந்தார்கள். அவள் பெயர் கோட்டுக்குக் கீழே, காத்திருப்போர் வரிசையில் இரண்டாவதாக இருந்தது. அலுவலகத்தில் விசாரித்தேன். "யாராச்சும் சேராம போனா கூப்பிடுவோம் சார். பெரும்பாலும் எல்லாரும் சேந்துருவாங்க. அடுத்த வருஷம் வாங்க, வயசு இருக்குல்ல," என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டுவதும் திரும்ப வாங்கிக்கொள்வதுமாக இருந்தேன். மதுரை தாண்டியதும் மனம் கேட்காமல் மறுபடி தொடங்கினேன். சென்னைக்காரர்கள் கொடுத்த கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. அங்கே நல்ல தரை, நல்ல பயிற்சி, உட்கார்ந்திருந்தாலும் கண்ணால் கற்றுக்கொள்ளலாம்...

"அப்பா."

"சொல்லு."

"உக்கார்றதுக்கு எதுக்குப்பா அவ்வளவு தூரம் போவணும்? நம்ம வீட்லயே உக்காரலாமே."

நான்கு தடித்த புத்தகங்களில் இந்த வாக்கியம் இல்லை. நான் தேடிய பதிலாக அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

"அப்ப எங்க ஆடுவ?"

"டீச்சர் டீம்ல. ஞாயித்துக்கிழமை. அடுத்த வருஷம் இங்க மறுபடி வர்றேன். காலைல களத்துக்கும் போவேன். நீங்க வர வேணாம்."

"ஏன்?"

"உளுந்தம்மா சொன்னாங்கல்ல."

மறுநாள் சென்னைக்குப் போன் செய்தேன். டேப்லெட் வைத்திருந்தவர்தான் எடுத்தார். வரவில்லை என்றதும் அவருக்கு உண்மையாகவே வருத்தம். "நல்ல பிளேயர் சார். வேற எந்த அகாடமில போடறீங்க?" என்றார். அகாடமி எதுவும் இல்லை, இங்கேயே ஒரு லீக் இருக்கிறது என்றேன். "எந்த லீக் சார்?" "பேரு கிடையாதுங்க." "எத்தனை வயசுப் பிரிவு?" அவளுக்குப் பதின்மூன்று, அணியிலேயே மூத்தவருக்கு நாற்பத்தொன்று என்று சொன்னேன். மறுமுனையில் அவர் 'நாப்பத்தொண்ணு' என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஆசிரியர் அறையில் சொல்வதற்காக நான் ஒத்திகை பார்த்த குரல் அந்த இடத்தில் கொஞ்சமும் உதவவில்லை. வேறு ஒரு குரலில், "வாரா வாரம் முழு ஆட்டமும் ஆடுவா சார்," என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர், "அதுவும் சரிதான் சார்," என்றார்.

அந்த ஞாயிறு நாகப்பட்டினம் பக்கத்து அணியோடு ஆட்டம். எதிரணியில் நான்கு பேர் பெண் காவலர்கள். ஹாக்கியையும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது கால்பகுதியில் அவர்களில் ஒருவர் தோளால் இடித்ததில் என் மகள் காய்ந்த சேற்றுக்கட்டி மேல் விழுந்தாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. நான் எழுந்துவிட்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். காயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம்.

இடித்த காவலர் குனிந்து கை நீட்டினார்.

"அழுவுறியா, ஆடுறியா பாப்பா?"

"ஆடுறேன்க்கா."

"அப்ப மட்டையப் பிடி. அடுத்த தடவையும் இடிப்பேன்."

அடுத்த தடவையும் இடித்தார். அதற்கடுத்த தடவை இவள் ஒதுங்கி, அவர் தன் வேகத்திலேயே இரண்டு அடி தாண்டிப் போன பிறகு பந்தை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது இடைவேளையில் நாங்கள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம், "கை வீங்கியிருக்கு. கடைசிப் பதினைஞ்சு நிமிஷம் வேற ஆளை இறக்கட்டுமா?" என்று கேட்டார்.

அது காதில் விழாதவள் போல மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, விசில் ஊதுவதற்கு முன்பே போய் நடுக்களத்தில் நின்றுகொண்டாள்.