இரண்டு சோமாலியர்களுக்கு நடுவில் ஒரு பஸ்

லண்டனில் ஹரோ ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள நிறுத்தத்தில்தான் எங்கள் ரூட்டில் டிரைவர்கள் மாறுவார்கள். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும். பின்கதவு மெதுவாகத்தான் மூடும், பிரேக் கொஞ்சம் கடுமை, மேல்தட்டில் ஒருத்தன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், இப்படி. எந்தச் சட்டமும் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லாமல் போகிற டிரைவரை நாங்கள் ஒரு மனுசனாக மதிப்பதில்லை.

எங்கள் கராஜில் இரண்டு சோமாலியர்கள். ஒருவர் அறுபதை நெருங்கியவர், அவர்களுடைய தலைநகரத்துக்காரர். மற்றவன் முப்பது சொச்சம், தெற்குக் கரையோர மாநிலத்தில் பிறந்தவன். பெரியவர் இறங்கச் சின்னவன் ஏறுவான். நாலு வார்த்தை நாற்பதாகும், பயணிகள் உள்ளேயிருந்து கத்துவார்கள். அவன் அவரை "அதேர்" என்று கூப்பிடுவான். சித்தப்பா என்று அர்த்தமாம். சொந்தமொன்றும் கிடையாது, பாசம்தான். என்னை அக்கா என்பான், அதை நான்தான் பழக்கினேன். நாங்கள் பேசுவது ஆங்கிலம். ஆனால் அது எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

நான் வளர்ந்த வீட்டில் சோறு, தண்ணீருக்கு அடுத்தபடியாக அடிபட்ட சொல் சமஷ்டி. மத்தியில் ஒரு அரசு, மாநிலத்தில் நமக்கென்று ஒரு அரசு. எங்கள் ஆட்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றி, பிறகு வேறு வழியில் போய், எல்லாவற்றையும் இழந்து, கடைசியில் நான் இங்கே பஸ் ஓட்டுகிறேன். சோமாலியாவில் அது அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது என்று கேட்டதும் எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்குத்தான் கிடைச்சிட்டுதே. பேந்தென்ன சண்டை?" என்று கன்டீனில் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கிடைச்சது சமஷ்டி இல்லைத் தங்கச்சி," என்றார் பெரியவர். "ஆளுக்கொரு பதவிக் கதிரை, ஆளுக்கொரு ஆமி."

"கதிரையை விட்டால் தலைநகரம் எங்கடை துறைமுகத்தையும் சேர்த்து விழுங்கும், அக்கா," என்று சின்னவன் சிரித்தான். "எங்கடை மாநிலத் தேர்தலை எப்ப, எப்பிடி வைக்கிறதெண்டும் அவைதான் சொல்லுவினமாம்."

அப்போது சிரிப்பு இருந்தது. பிறகு அந்த மாநிலம் தன்பாட்டில் தேர்தல் வைத்தது. செல்லாது என்றது மத்தி. மாநிலத் தலைவரைப் பிடிக்க மத்தி பிடியாணை போட, நாட்டின் ஜனாதிபதியைப் பிடிக்க மாநிலம் பிடியாணை போட்டது. "ரெண்டு பேரையும் பிடிச்சு ஒரே மறியலிலை போட்டுப் பூட்டுங்கோ, கதைச்சுத் தீர்க்கட்டும்," என்றேன். அதற்கும் சிரித்தார்கள். மத்தி தன் படையை அந்த மாநிலத்தின் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கு அனுப்பிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

அன்று கன்டீனில் பெரியவர் மாநிலப் படையைக் "கூலிக்கு அடிக்கிற கூட்டம்" என்று சொன்னார். சின்னவனின் அண்ணன் அந்தப் படையில் ஒரு அதிகாரி. அவன் எழும்பி நின்றான்.

"உங்கடை ஆமி எங்கடை ஊருக்கு வரட்டும். வாறவன் ஒருத்தனும் திரும்பிப் போகமாட்டான்."

பெரியவர் பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். இந்த மாதிரிப் பேச்சுக்களின் நடுவில் வளர்ந்தவள் நான். அவை பேச்சோடு நிற்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதன்பிறகு ஒருவரிடமிருந்து மற்றவர் பஸ்ஸை வாங்கமாட்டோம் என்றார்கள். ஷிப்ட் போடுகிறவன், பாழாய்ப்போவான், என்னைப் பிடித்து நடுவில் போட்டான். பெரியவரிடம் வாங்கி நான் ஓட்டி, பின்னேரம் சின்னவனிடம் கொடுக்கவேண்டும். "பின்கதவு பிசகுது, அவனிட்டைச் சொல்லும்," என்பார் அவர். "கண்ணாடியைத் திருப்பி வைக்கவேண்டாமெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ," என்பான் இவன். "நான் என்ன ஐநா சபையே?" என்று கத்தினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அங்கே சண்டை தொடங்கிவிட்டது என்று செய்தி வந்த கிழமை, பெரியவர் பஸ்ஸை நிறுத்திவிட்டும் இருக்கையை விட்டு எழும்பவில்லை.

"பஸ்ஸிலை ஒரு குறையுமில்லை," என்றார். "வேறை ஒரு விசயம். என்ரை தங்கச்சியின்ரை மகன் மத்தி அனுப்பின ஆமியிலை இருக்கிறான்."

தங்கச்சி செத்த பிறகு அந்த மருமகனை இங்கிருந்து போனிலேயே வளர்த்தவர் அவர். இப்போது போன் வேலை செய்யவில்லை. கொஞ்சப் பேர் மாநிலப் படையிடம் சரணடைந்தார்களாம், கொஞ்சப் பேர் எல்லை கடந்து கென்யாவுக்குள் ஓடினார்களாம்.

"இவன்ரை தமையன் அங்கைதானே. சரணடைஞ்ச ஆக்களுக்கை ஒருக்காப் பார்க்கச் சொல்லும். இடது கையிலை ஆறு விரல்."

"நீங்களே கேக்கலாமே அண்ணை?"

"என்ரை வாயாலை ஏலாது. அவன்ரை தமையனை நான் என்ன சொன்னனான் எண்டு உமக்குத் தெரியும்தானே."

பின்னேரம் சின்னவனிடம் சொன்னேன். "அவருக்கு அங்கை ஆள் இருக்கெண்டு எனக்குத் தெரியாதக்கா. சத்தியமாத் தெரியாது." கண்ணாடியைக்கூடச் சரிபார்க்காமல் பஸ்ஸை எடுக்கப் போனான். நான்தான் ஜன்னலில் தட்டி நிறுத்தினேன்.

பிறகு காத்திருந்த நாட்கள். பெரியவர் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். பஸ்ஸைப் பற்றித்தான் சொல்வார். திருப்பத்தில் ஒரு சத்தம், துடைப்பான் கிறீச்சிடுகிறது, மூன்றாவது சீட் ஆடுகிறது. பஸ்ஸில் இருக்கிற ஒவ்வொரு ஆணியைப் பற்றியும் சொல்லிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னும் இல்லை அண்ணை," என்பேன். உடனே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

கடைசியாக ஒருநாள் நான் பஸ் வாங்க நிறுத்தத்தில் நிற்கும்போது சின்னவன் வந்தான். அன்று அவனுக்கு லீவு. யூனிபோர்ம் இல்லாமல், சாதாரண உடுப்பில் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான். பெரியவரின் மருமகன் உயிரோடு இருக்கிறான் என்றால் போனிலேயே சொல்லியிருப்பான். என் அண்ணன் செத்த அன்றும் இப்படித்தான், தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார். சைக்கிளை ஸ்டாண்டில்கூட விடவில்லை.

"என்னட்டைச் சொல்லு தம்பி, நான் சொல்லுறன்."

"இல்லையக்கா. இதை நான்தான் சொல்லோணும்." அவன் நிலத்தைப் பார்த்தபடி பேசினான். "ஆறு விரல்தான். அண்ணாதான் முன்னுக்கு நிண்டு தொழுது அடக்கம் செய்தவராம்."

அதற்குள் வளைவில் பஸ் திரும்பியது. பெரியவர் முதலில் என்னைக் கண்டார், வழக்கம்போலக் கையைத் தூக்கினார். பிறகு எனக்குப் பக்கத்தில் நின்றவனைக் கண்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை. நல்ல தூரம் இருக்கும்போதே நடுரோட்டில் நின்றது. இரண்டு பக்கத்து மஞ்சள் லைட்டுகளும் விட்டுவிட்டு எரிந்தன. பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன, உள்ளே யாரோ மணியை அமத்திக்கொண்டேயிருந்தார்கள். கதவு திறக்கவில்லை.

சின்னவன் பஸ்ஸை நோக்கி நடந்தான். "அதேர்," என்று கூப்பிட்டான். சண்டைக்குப் பிறகு அவன் அந்தச் சொல்லைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

முன்கண்ணாடிக்குப் பின்னால் அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வராதே, வராதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.